192.168.1.1: இரண்டு ரவுட்டர் சண்டையின் வரலாறு



தலைப்பைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் பாடம் என்று ஓடிவிட வேண்டாம். இது வரலாற்றுக் கட்டுரைதான். ராஜா கிடையாது, போர் கிடையாது, கல்வெட்டு கிடையாது. ஒரே ஒரு எண் மட்டும் உண்டு. அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஹாலில் டி.வி. பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர். அதில் பெரும்பாலும் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ அச்சடித்திருக்கும்.

வீட்டில் ஒரே ஒரு ரவுட்டர் இருக்கிற வரைக்கும் இந்த எண்ணை யாரும் சீண்டுவதில்லை. மாடியில் சிக்னல் எடுக்கவில்லை என்று இரண்டாவதாக ஒன்றை வாங்கி மாட்டும் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. நெட் வரும், போகும், மறுபடி வரும். விண்டோஸ் மூலையில் ஐ.பி. முகவரி மோதல் என்று ஓர் எச்சரிக்கை எட்டிப் பார்க்கும். உடனே "ரவுட்டர் டூப்ளிகேட்டுப்பா" என்று ஒருவர் சொல்வார். "மாட்டினவனுக்கு ஒண்ணும் தெரியல" என்று இன்னொருவர் சொல்வார்.

என் கட்சி வேறு. ரவுட்டரும் நல்லதுதான், மாட்டினவரும் பாவம்தான். 1996-ல் எழுதி வைத்த ஒரு நல்ல அறிவுரையை, இந்தப் பெட்டிகளைச் செய்யும் கம்பெனிகள் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் பலனைத்தான் நம்ம வீட்டு மாடியில் அனுபவிக்கிறோம். இந்தப் பதிவு அந்தக் கதை. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் :)

முதலில் நம்ம ஊர். கீழ்க்கட்டளை பக்கம் வந்து பாரதியார் தெரு எங்கே என்று கேட்டால், பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: "எந்த நகர்?" மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், நன்மங்கலம், பல்லாவரம் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கு போனாலும் இதே கதி. வயலும் ஏரிக்கரையும் மனையாக மாறிய காலத்தில் ஒவ்வொரு நகரும் தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டது. முதல் தெரு, இரண்டாம் தெரு, முதல் குறுக்குத் தெரு, காமராஜர் தெரு, பிள்ளையார் கோயில் தெரு. அந்த நகருக்குள் இருக்கும் வரை ஒரு குழப்பமும் இல்லை. தபால்காரருக்கு நகர் பெயரும் 600117-ம் போதும்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். இதுவரை தனித்தனிப் பதிவேட்டில் நிம்மதியாக இருந்த ஒரே பெயர்த் தெருக்கள் ஒரே பதிவேட்டுக்குள் வந்து நின்றன. யார் மேலும் தப்பு இல்லை. தனியாக இருந்தபோது சரியாக இருந்த பட்டியல்கள் சேர்ந்ததும் முட்டிக்கொள்கின்றன. இரண்டு ரவுட்டர் சண்டையும் அச்சு அசலாக இதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அமெரிக்கா. இன்டர்நெட்டின் தாத்தாவான அர்பாநெட்டில் ஆரம்பத்தில் ஒரு கம்ப்யூட்டரின் முகவரிக்கு 8 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். நெட்வொர்க்கின் சந்திப்பு முனைக்கு 6 பிட், அந்த முனையில் தொங்கும் கம்ப்யூட்டருக்கு 2 பிட். மொத்தம் 256 கம்ப்யூட்டர். அன்றைக்கு அதுவே ஜாஸ்தி.

அடுத்த தலைமுறைக்கு 1977 வாக்கில் எத்தனை பிட் வைக்கலாம் என்று பெரிய விவாதம். 128 வேண்டும் என்றார்கள் சிலர், தேவைக்கேற்ப நீளம் மாறட்டும் என்றார்கள் சிலர். கடைசியில் வின்ட் செர்ஃப் 32 பிட் என்று முடித்து வைத்தார். இது வெறும் பரிசோதனைதான், நிஜமான பதிப்பு பின்னால் வரும் என்று தான் அப்போது நினைத்ததாக அவரே பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பரிசோதனை இன்னும் முடியவில்லை. அதன் மேலேதான் நாம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

32 பிட் என்றால் 429 கோடிச் சொச்சம் எண்கள். 1981 செப்டம்பரில் இந்த முறை ஆவணமாக வந்தது. 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுவதும் இதற்கு மாறியது. எந்த நிறுவனத்துக்கு எந்த எண் என்று பதிவேடு வைத்திருந்தவர் ஜான் போஸ்டல். தாடியும் செருப்புமாகத் திரிந்த மனிதர், உலகத்துக்கே பட்டா எழுதிக் கொடுக்கும் தாசில்தார் மாதிரி. 'ஏ' வகுப்பு என்று ஓர் எண்ணை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தால் அதற்குள் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் அடங்கும். அப்படி 10 என்ற எண் அர்பாநெட்டுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. இந்தப் பத்தாம் நம்பர் பிறகு மறுபிறவி எடுக்கப்போகிறது.

அந்தக் காலத்தின் அடிப்படை விதி ஒன்றே ஒன்று: உலகத்தில் ஒரு முகவரி ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். பாரதியார் தெரு என்றால் பூமியிலேயே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

நம்ம நாட்டில் 1986-ல் எர்நெட் தொடங்கியது. அதன் முதல் எட்டு நிறுவனங்களில் நம்ம கிண்டி பக்கத்து ஐ.ஐ.டி. மெட்ராஸும் ஒன்று. பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணைப்பு வந்தது. மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி, டெலிபோன் லைனைப் பிடித்து, ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு முகவரி வாங்கித் தரும். துண்டித்தால் முகவரியும் போச்சு. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பதே அதிசயம் என்பதால் மோதலுக்கு வழியே இல்லை.

ஆனால் அதற்கு முன்பே வெளியூரில் எண்கள் பற்றாக்குறை ஆரம்பித்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் 429 கோடியும் சீக்கிரம் காலியாகிவிடும் என்று பயந்தார்கள். 1993-ல் ஏ, பி, சி என்ற வகுப்புப் பிரிவையே எடுத்துவிட்டு, தேவைக்கேற்ற அளவில் வெட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அது போதவில்லை.

1994 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 1597 வந்தது. ஆர்.எஃப்.சி. என்பது இன்டர்நெட்டின் அரசாணை மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. ஐ.பி.எம்., கிரைஸ்லர் கார் கம்பெனி, ஐரோப்பாவின் முகவரிப் பதிவகம் ஆகியவற்றைச் சேர்ந்த நாலு பேர் எழுதியது. அவர்கள் சொன்னது எளிமையானது. எல்லாக் கம்ப்யூட்டரும் உலகத்தோடு பேசத் தேவையில்லை. ஆபீசுக்குள்ளேயே இருக்கும் கருவிகளுக்கு உலகம் முழுக்கத் தனித்துவமான எண் எதற்கு? மூன்று தொகுப்புகளைப் பொதுவாக ஒதுக்கிவிடுவோம், யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ளட்டும். அந்த மூன்றும் இன்று வரை மாறவில்லை: 10-ல் தொடங்கும் எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168-ல் தொடங்கும் எல்லாம். 1990-ல் அர்பாநெட்டை மூடியதும் காலியாகக் கிடந்த பத்தாம் நம்பர் வீடு இப்படித்தான் பொதுச் சொத்தானது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அவர்கள் கொடுத்த உதாரணம். பெரிய விமான நிலையத்தில் வருகை, புறப்பாடு காட்டும் பலகைகள் ஒவ்வொன்றுக்கும் முகவரி தேவைப்படும், ஆனால் வெளியிலிருந்து யாரும் நேரடியாக அவற்றோடு பேசத் தேவையில்லை என்றார்கள். கடைகளின் பில் போடும் மிஷின், பணம் கொடுக்கும் மிஷின் என்றும் அடுக்கினார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து மீனம்பாக்கம் கூப்பிடு தூரம் என்பதால் எனக்கு அந்த வரியைப் படித்ததும் நம்ம ஏர்போர்ட் போர்டுதான் கண்ணுக்கு வந்தது. ஆனால் பட்டியலில் வீடு இல்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் வந்து உட்காரும் என்று 1994-ல் யாருக்குத் தோன்றும்?

இதற்கு உடனே எதிர்ப்பு கிளம்பியது. அதே 1994 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 1627. பத்தாம் நெட்வொர்க் கெடுதலானது, சில வழக்கங்களைச் சட்டமாக்கக் கூடாது என்பதுதான் தலைப்பே. எலியட் லியர் உட்பட நாலு பேர் எழுதினார்கள். முகவரி தனித்துவமாக இருப்பதுதான் இன்டர்நெட்டின் அஸ்திவாரம், அதிலேயே கை வைக்கிறீர்கள் என்றார்கள். இரண்டு நிறுவனங்கள் நாளைக்கு இணைந்தால் இரண்டிலும் ஒரே எண்கள் இருக்கும், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். முறையான பொது விவாதம் இல்லாமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்றும் குற்றம் சாட்டினார்கள். தாம்பரம் மாநகராட்சிப் பிரச்சினையை 27 வருடம் முன்பே பார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்த நேரத்தில்தான் நேட் வந்தது. ஆபீஸ் டெலிபோன் தெரியும் அல்லவா? வெளியே ஒரே நம்பர், உள்ளே எக்ஸ்டென்ஷன் 21, 22, 23. பக்கத்து ஆபீசிலும் எக்ஸ்டென்ஷன் 21 இருக்கும், சண்டை கிடையாது. அதே தந்திரம்தான். வெளியே ஒரே முகவரி, உள்ளே எத்தனை கம்ப்யூட்டர் வேண்டுமானாலும். எகேவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் 1994 மே மாதம் இதை ஆர்.எஃப்.சி. 1631 ஆக எழுதினார்கள். அதை அவர்களே தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். ஜான் மேயஸ் என்பவரின் சின்னக் கம்பெனி இதை 'பிக்ஸ்' என்ற பெட்டியாக்கியது. 1995-ல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெயரை மனதில் வைத்துத்தான் அந்தப் பெட்டிக்கே பெயர் வைத்தார்கள். தற்காலிகம் என்று சொன்னது இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டு ரவுட்டருக்குள்ளும் ஓடுகிறது. நம்ம ஊரில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எத்தனை வருடம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாததா!

சரி, விஷயத்தின் நடு மையத்துக்கு வந்துவிட்டோம். 1996 பிப்ரவரி, ஆர்.எஃப்.சி. 1918. பழைய நாலு பேரோடு ஐந்தாவதாக ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது. யார் தெரியுமா? எதிர்த்து எழுதிய அதே எலியட் லியர்! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். திட்டினவரையே கூப்பிட்டு உட்கார வைத்துச் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுப்பிய ஆபத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் பின்னால் இணைந்தால் முகவரிகள் மோதக்கூடும். அதைக் குறைக்க, இந்தத் தொகுப்பிலிருந்து ஏதோ ஓர் இடத்தைக் குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தார்கள்.

குலுக்கல்! இவ்வளவுதான் மருந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு ரவுட்டர் வழக்கமாக 256 முகவரி கொண்ட ஒரு சின்னத் தெருவை எடுத்துக்கொள்கிறது. 192.168-க்குள் அப்படி 256 தெருக்கள். 172-க்குள் 4,096. 10-க்குள் 65,536. ஆக மொத்தம் 69,888. ஒவ்வொரு ரவுட்டரும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இதில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தால், நீங்கள் வாங்கும் இரண்டாவது ரவுட்டர் முதலாவதோடு மோத 69,888-ல் ஒரு வாய்ப்புதான்.

கம்பெனிகள் என்ன செய்தன? 69,888-ல் திரும்பத் திரும்ப இரண்டே தெருவைத்தான் எடுத்தன. 192.168.0 மற்றும் 192.168.1.

மைக்ரோசாஃப்ட் 1999-ல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் ஒரே இணைப்பைப் பல கம்ப்யூட்டருக்குப் பகிரும் வசதி கொடுத்தது. அதன் முகவரி 192.168.0.1. நம்ம ஊர்ப் பிரவுசிங் சென்டர்களில் கல்லாவில் இருந்த கம்ப்யூட்டர் 192.168.0.1 என்று இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மற்றவற்றுக்கு 2, 3, 4 என்று கையாலேயே எழுதிக் கொடுப்பார்கள். நிறைய இடங்களில் மானிட்டர் மேலே எண்ணை ஒட்டியும் வைத்திருப்பார்கள். 2002 கடைசியில் லிங்க்சிஸ் வெளியிட்ட, நீலமும் கறுப்புமாக இரண்டு கொம்பு வைத்த டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டர் உலகப் புகழ் பெற்றது. அதன் முகவரி 192.168.1.1. டி-லிங்க் பெரும்பாலும் 192.168.0.1.

ஏன் இப்படி? கையேட்டில் "பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடிக்கவும்" என்று ஒரே வரியாக அச்சடிக்கலாம். போனில் உதவி கேட்பவருக்கும் அதையே ஒப்பிக்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு வேறு எண் என்றால் ஸ்டிக்கரைப் படிக்கச் சொல்ல வேண்டும், அது கட்டிலுக்கு அடியில் இருக்கும், வெளிச்சம் இருக்காது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால் அந்த முடிவு சரிதான். அந்த நினைப்பில்தான் கோளாறு.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. வினாடிக்கு 256 கிலோபிட் வேகம். இன்றைக்கு ஒரு ஃபோட்டோவை அனுப்பவே நாம் அதைவிட அவசரப்படுவோம். அதோடு வந்த ஹுவாவே, யு.டி.ஸ்டார்காம் மோடம்களின் முகவரியும் 192.168.1.1. பலருக்கு அந்த மோடத்தில் வயர் குத்த ஒரே ஒரு துளைதான். மடிக்கணினி வந்ததும் வை-ஃபை வேண்டும் என்று ஆனது. ரிச்சி தெருவுக்குப் போய்ப் பேரம் பேசி ஒரு ரவுட்டர் வாங்கி வருவார்கள். அதன் முகவரி என்ன? அதேதான்! தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு ரவுட்டர் சண்டை பரவலானது இந்தக் காலத்தில்தான் என்பது என் கணிப்பு.

அப்புறம் 2020 ஊரடங்கு. வீட்டுக்கு மூன்று பேர் ஆன்லைன் வகுப்பு, இரண்டு பேர் ஆபீஸ். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் அத்தைக்குக் கீழிருந்து வயர் இழுத்து இரண்டாவது ரவுட்டர் மாட்டினார்கள். மாட்ட வந்த அண்ணன் வயரைக் குத்தினார், விளக்கு எரிந்தது, வண்டியைக் கிளப்பிவிட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து அத்தை பெண்ணின் வகுப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. அவள் பன்னிரண்டாம் வகுப்பு. காலையில் நன்றாக இருக்கும், மதியம் கெமிஸ்ட்ரி வகுப்பில் போய்விடும். "வை-ஃபை கனெக்ட் ஆகியிருக்கு, ஆனா நெட் இல்ல" என்று மாடிப்படியில் நின்று அவள் கத்துவது தெரு முனை வரை கேட்கும். டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் போய்விட்டால் ஆப்சென்ட். மூன்று வாரம் இப்படி.

இது ஏன் வந்து வந்து போகிறது என்பதற்கும் ஒரு குட்டி வரலாறு உண்டு.

1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் என்பவர் ஏ.ஆர்.பி. என்ற முறையை எழுதினார். ஐ.பி. முகவரி என்பது நாம் வைத்த பெயர். ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையில் பொறித்த இன்னொரு எண் உண்டு. பெயரை வைத்து அந்த எண்ணைக் கண்டுபிடிக்க, கருவி நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி கூவும்: "192.168.1.1 யாரு?" உரிய கருவி பதில் சொல்லும். அவ்வளவுதான். அதைச் சரிபார்க்க வழியே கிடையாது, சொன்னதை நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நம்ம வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திக் என்று கூப்பிட்டால் இரண்டு பேர் "உள்ளேன் ஐயா" என்பார்கள். யார் குரல் காதில் விழுந்ததோ அவனுக்குத்தான் டிக். இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்றால் இதே கூத்துதான். கீழ் ரவுட்டர் குரல் விழுந்தால் நெட் வரும். மாடி ரவுட்டர் குரல் விழுந்தால், அதன் வெளிவாசலில் ஒன்றும் இணைக்கப்படவில்லை என்பதால் செய்தி அங்கேயே செத்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூவும்போது வேறு பதில் விழலாம்.

இதோடு இன்னொரு வம்பும் சேர்ந்துகொள்கிறது. 1993 அக்டோபரில் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய டி.எச்.சி.பி. முறை வந்த பிறகு முகவரியைக் கையால் எழுத வேண்டியதில்லை. ரவுட்டரே வருகிறவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்துவிடும், குறிப்பிட்ட நேரத்துக்கு. அருமையான ஏற்பாடு. ஆனால் டோக்கன் கொடுக்க இரண்டு கவுன்ட்டர் இருந்து, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை என்றால்? கீழே 5-ஆம் நம்பர் டோக்கன் அப்பா போனுக்கு, மேலே 5-ஆம் நம்பர் டோக்கன் அத்தை போனுக்கு. ரேஷன் கடையில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விண்டோஸ் காட்டும் எச்சரிக்கை இதைக் கண்டுபிடித்துத்தான். மோதலைக் கண்டறியும் முறையையே தனியாக எழுதி 2008-ல் ஆர்.எஃப்.சி. 5227 ஆக்கினார்கள். அதை எழுதியவர் ஸ்டூவர்ட் செஷர்.

தீர்வு என்ன என்று கேட்பவர்களுக்கு: இரண்டு வழி உண்டு. எதை எடுப்பது என்பது உங்களுக்கு என்ன தேவை என்பதைப் பொறுத்தது.

மாடியும் கீழும் ஒரே குடும்பம், பிரின்ட்டர், டி.வி. எல்லாம் எங்கிருந்தும் தெரிய வேண்டும் என்றால், இரண்டாவது ரவுட்டரை ரவுட்டராகவே வைக்காதீர்கள். அதை முதலில் தனியாக ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இணையுங்கள், கீழிருந்து வரும் வயரைக் குத்தாமல். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கீழ் ரவுட்டர் டோக்கன் கொடுக்கும் வரிசைக்குள் இந்த 2 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையை 100-லிருந்து 200 வரை என்று வைத்துவிட்டால் தொல்லை இல்லை. பிறகு மாடி ரவுட்டரில் டி.எச்.சி.பி.யை அணைத்துவிடுங்கள். டோக்கன் கவுன்ட்டர் வீட்டுக்கு ஒன்றுதான். கடைசியாக வயரை எடுத்து, தனி நிறத்தில் இருக்கும் வான் துளையில் குத்தாமல் மற்ற நாலில் ஒன்றில் குத்துங்கள். இப்போது அது வெறும் வை-ஃபை கொம்பு. செலவு ஒரு பைசா இல்லை.

மாடியில் இருப்பது வேறு குடும்பம், அவர்கள் கருவிகள் தனியாக இருக்கட்டும் என்றால் வயரை வான் துளையிலேயே குத்தலாம். ஆனால் மாடி ரவுட்டரின் உள் தெருவை 192.168.2.1 என்று மாற்றியே ஆக வேண்டும். வாசலிலும் 192.168.1, கொல்லையிலும் 192.168.1 என்றால் வந்த செய்தி எந்தப் பக்கம் போவது என்று அதற்குப் புரியாது. புதிய ரவுட்டர்கள் சில இந்த மோதலைத் தாமே கண்டுபிடித்து உள் முகவரியை மாற்றிக்கொள்கின்றன. அப்படி மாறினால் ஸ்டிக்கரில் உள்ள எண் வேலை செய்யாது, பயந்துவிடாதீர்கள். எந்த வழி என்றாலும் முடித்ததும் எல்லாப் போனையும் ஒரு தடவை வை-ஃபை அணைத்துப் போடுங்கள், பழைய டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அடம் பிடிக்கும்.

அத்தை வீட்டில் முதல் வழிதான். என் சீனியர் ஒருவர் போனிலேயே சொல்லச் சொல்லப் பத்து நிமிடத்தில் முடிந்தது. மூன்று வார ஆப்சென்ட்டுக்குப் பத்து நிமிட வேலை!

இதே கதை இணைப்பு கொடுக்கும் கம்பெனிகள் அளவிலும் நடந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கிடங்கில் ஐ.பி. எண்கள் தீர்ந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியின் கிடங்கும் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. நமக்கு எண் வருவது அங்கிருந்துதான். ஆளுக்கு ஓர் எண் கொடுக்க முடியாத கம்பெனிகள் ஒரு எண்ணைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டன. அதாவது ரவுட்டருக்கு மேலே இன்னொரு பெரிய ரவுட்டர். அந்தப் பெரிய ரவுட்டருக்கு உள்ளே எந்த எண் வைப்பது? 10 வைத்தாலும் 192.168 வைத்தாலும் ஏதாவது ஒரு வீட்டோடு முட்டும். வேறு வழியில்லாமல் 2012 ஏப்ரலில் 100.64-ல் தொடங்கி 100.127 வரை 41 லட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம் முகவரிகளை இதற்கென்றே தனியாக ஒதுக்கினார்கள். எண்ணுக்குப் பஞ்சம் வந்த பிறகு இவ்வளவு பெரிய தொகுப்பை எடுத்து வைக்க வேண்டி வந்தது!

கம்பெனிகளும் மெல்லத் திருந்தியிருக்கின்றன என்றுதான் சொல்ல வேண்டும். ஜியோ ஃபைபர் பெட்டியின் முகவரி 192.168.29.1. ஷியோமி ரவுட்டர் 192.168.31.1. மைக்ரோடிக் 192.168.88.1. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ்பாக்ஸ் 192.168.178.1. குலுக்கல் இல்லை, ஆனால் ஆளுக்கொரு தெரு. ஜியோ ஃபைபர் வீட்டில் ரிச்சி தெரு ரவுட்டரை மாட்டினால் பெரும்பாலும் சண்டை வராததற்கு அந்த 29 தான் காரணம். இரண்டாவதாக இன்னொரு ஜியோ பெட்டியையே மாட்டினால் அது உங்கள் பாடு.

குலுக்கலைக் கட்டாயம் ஆக்கியதும் ஒரு ஆர்.எஃப்.சி. உண்டு. 2005 அக்டோபரில் வந்த 4193. ஐ.பி.வி6-ல் உள் நெட்வொர்க்குக்கான முகவரியை எப்படி எடுப்பது என்று சொல்வது. இந்த முறை வெறும் பரிந்துரை இல்லை. 40 பிட்டைக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், 1, 2, 3 என்று வரிசையாக எடுக்கக் கூடாது என்று விதியாகவே எழுதிவிட்டார்கள். 40 பிட் என்றால் ஒரு லட்சம் கோடிக்கு மேல் தெருக்கள். 2016-ல் ஜியோ வந்த பிறகு ஐ.பி.வி6 அதிகம் புழங்கும் நாடுகளில் இந்தியா முன்வரிசைக்கு வந்துவிட்டது. உங்கள் போனில் இப்போதே ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் வீட்டு ரவுட்டரின் ஸ்டிக்கரில் இன்னும் பழைய எண்தான் இருக்கிறது, ஏனென்றால் பழைய பிரின்ட்டரும் கேமராவும் அதைத்தான் புரிந்துகொள்கின்றன.

உங்கள் வீட்டு ஸ்டிக்கரில் 0, 1 தவிர வேறு எண் இருந்தால் கம்பெனி பெயரோடு பின்னூட்டத்தில் சொல்லுங்கள், பட்டியல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த பதிவு செமஸ்டர் முடிந்த பிறகு. தலைப்பு: சென்னைக் கதவுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண் எப்படி வந்தது?